ஆரப் பேசினது, காகத்தையா?

"இவள் எல்லாத்திலயும் கை வைப்பாள். ஒண்டையும் முடிக்கமாட்டாள். இருந்து பாருங்க."

இதைச் சொன்னவர் என் மாமி, அப்பாவின் அக்கா. உயர்தரப் பரீட்சை முடிவு வந்த மறுநாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அதை என் கையில் தந்த சூட்டோடு சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முந்திய கதை. குருக்கள்மடத்துக்குக் கிட்ட, வாவிக் கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது.

மாமி சொன்னது முழுப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் படித்தது உயிரியல் பிரிவு. ஆனால் பாடப்புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, காதையும் தொண்டையையும் நெடுக்காக வெட்டிக் காட்டிய படங்களை வரைவதுதான். நாடகப் போட்டி வந்தால் அதிலும் நிற்பேன். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வேன். எல்லாவற்றையும் விட, மற்றவர்களைப் போலக் கதைத்துக் காட்டுவதில் எனக்கு ஒரு பைத்தியம். ஏறாவூர்த் துணிக்கடைக்காரர் விலை சொல்வது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரசாயன ஆசிரியர் கோபிப்பது, எங்கள் மாமி குறை சொல்வது எல்லாம் அச்சொட்டாக வரும். தங்கச்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். அம்மா மட்டும், "சோதினையில இதயா கேக்கப் போறாங்க?" என்பார்.

அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர்கள் படிக்க வேண்டிய வயதில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து திரிந்ததில் அது தவறிப்போனது. அப்பா வாவியில் மீன் பிடிக்கிறார். அம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பத்தாம் ஆண்டைத் தாண்டியவள் நான். ஆறாம் ஆண்டிலிருந்தே எங்கள் ஒழுங்கை வீடுகளில் யாருக்கு எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றும்போதே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வேன் என்று தங்கச்சி சொல்வாள்.

அப்படிப்பட்ட எனக்கு என் சொந்தப் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில், எந்தப் படிப்பு வேண்டும் என்பதை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். முதலாவதாக எழுதியதற்குப் புள்ளி போதாவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. கைநூலைப் புரட்டினால் பக்கம் பக்கமாகப் படிப்புகள். விவசாயமும் பிடிக்கும் போலிருந்தது. உணவு விஞ்ஞானமும் பிடிக்கும் போலிருந்தது. உளவியல் என்ற சொல்லைப் பார்த்தாலே ஆசையாக இருந்தது. ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வலி தொடங்கியிருந்தது. தோணியிலிருந்து இறங்கும்போது ஒரு நிமிடம் தோணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தங்கச்சி அப்போது ஒன்பதாம் ஆண்டு. படித்து முடித்த கையோடு மாதச் சம்பளம் வருகிற படிப்புத்தான் வேண்டும் என்பது எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தாதியர் பட்டப்படிப்பு என்றால் வேலை ஓரளவு நிச்சயம்.

பக்கத்து ஊரில் இருந்த கொமினிகேசன் என்ற கணினிக் கடையில்தான் எல்லோரும் விண்ணப்பம் போட்டார்கள். அந்தக் கடை நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்) ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பட்டியல் தயாராக இருந்தது.

"பயோதானே தங்கச்சி? யோசிக்கவே வேணாம். போன வருச வெட்டுப்புள்ளிய மேல இருந்து கீழ அடுக்கியிருக்கன். எல்லாரும் இதத்தான் போடுறாங்க."

"எனக்கு எது விருப்பம் எண்டு பாக்கத் தேவையில்லையா நானா?"

"கூடின புள்ளி கேக்கிற படிப்பு நல்ல படிப்பு. பிறகென்ன விருப்பம்?"

எனக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லாதவற்றை மட்டும் வெட்டிவிட்டு, தாதியர் படிப்பைத் தூக்கி முதலாவதாக வைத்து, மிச்சத்தை அப்படியே விட்டு, ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன். அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு வந்து அனுப்பலாம் என்று நினைத்தேன். கடைசித் திகதிக்கு ஐந்து நாள் இருந்தது.

அதற்கு மறுநாள் அம்மாவுக்குப் பிரஷர் கிளினிக். நகரத்து ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அம்மா வரிசையில் இருந்தார். நான் நடைபாதை வாங்கில் உட்கார்ந்து, பையிலிருந்த பட்டியலை எடுத்துப் பார்ப்பதும் மடிப்பதுமாக இருந்தேன்.

"தங்கச்சி, இத ஒருக்கா நிரப்பித் தாறியா?"

முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. மாங்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவராம். அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கவுண் போட்ட நாலரை வயதுப் பெண்பிள்ளை. பிள்ளைகளுக்கான கிளினிக் ஒன்றுக்குப் பெற்றோர் நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம் அது. நான் பேனாவை எடுத்தேன். முகமும் அந்த மாதிரி மாறியிருக்கும்.

பெயர், வயது, பிறந்தபோது நிறை, வந்த காய்ச்சல்கள் எல்லாம் ஓடின. பிறகு பழக்க வழக்கங்கள்.

"ஆரயும் அடிக்கிற கடிக்கிற பழக்கம் இருக்கா அக்கா?"

"இல்ல புள்ள."

"மத்தப் பிள்ளைகளோட சண்டை?"

"இல்ல."

"பேசுமா?"

"சேச்சே! பேசவே பேசாது."

பிள்ளையைப் பார்த்தேன். இவ்வளவு நேரமும் அது ஒரு சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்த கண்ணை எடுக்கவுமில்லை. எனக்கு நெஞ்சு இளகிப்போனது. 'பிள்ளை பேசுகிறதா?' என்ற கேள்விக்கு எதிரே, அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன். 'எத்தனை வயதில் பேசத் தொடங்கியது?' என்பது அடுத்த கேள்வி. அதைக் கேட்டு அந்த அக்காவை நோகடிக்க வேண்டாம் என்று நானாகவே ஒரு கோடு போட்டேன். எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டேன் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் மற்றவரைப் 'பேசினார்' என்றால் ஏசினார் என்றுதான் அர்த்தம். பிள்ளை வாய் திறந்து சொல்வதைக் கதைக்கிறது என்போம், பறைகிறது என்போம். இது எனக்குத் தெரியாததா? அன்று காலையில்கூட, பஸ்ஸைத் தவறவிட்டதற்காக அம்மா என்னை நன்றாகப் பேசியிருந்தார். ஆனால் கையில் பேனா வந்ததும் நான் அச்சுத் தமிழுக்குப் போய்விடுவேன். அந்த அக்கா தன்னுடைய தமிழிலேயே நின்றார். அடி, கடி, சண்டை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவள் அடுத்ததாகப் 'பேசுமா' என்று கேட்டால் அவர் வேறு என்னத்தை நினைப்பார்? தன் பிள்ளை ஊரை ஏசுகிற பிள்ளை இல்லை என்று வளர்த்த பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் அலுவல் முடியப் பதினொரு மணியானது. வெளியே வந்தால், வாகை மரத்தடிச் சீமெந்துத் திட்டில் அந்த அக்கா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். மடியில் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் கடிதம்.

"வாய் பறையாத புள்ளையாம் தங்கச்சி. காது கேக்குதா எண்டு வேற இடத்துக்குக் கொண்டு போய்ப் பாக்கட்டாம். பிறகு என்னென்னவோ சொன்னாங்க, எனக்கு விளங்கல்ல. என்ட புள்ளைக்கு என்ன வந்த?"

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார். பிள்ளை கொஞ்சம் தள்ளி நின்று ஒரு பணிஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து ஒரு காகம் சரேலென்று இறங்கி, பணிஸைப் பறித்துக்கொண்டு பறந்தது.

"அம்மா! தாதம் பணிஸத் தொண்டு போவுது!"

ஆஸ்பத்திரி முற்றம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் துள்ளி எழுந்தேன்.

"அக்கா! பிள்ளை பேசுது!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஆரப் பேசினது, காகத்தையா?" பிள்ளையின் பக்கம் திரும்பி, "ஏன் புள்ள காகத்தப் பேசின? அதுக்கும் பசிதானே?"

நான் அவர் முன்னால் போய்க் குந்தினேன்.

"அதில்ல அக்கா. பிள்ளை கதைக்குமா?"

"கதைக்காம? வீட்ட வந்து பாரு, வாய் மூடாது. 'க' மட்டும் வாயில வருகுதில்ல. காகத்தத் தாதம் எண்டும், கத்தரிக்காயத் தத்தரிக்காய் எண்டும் சொல்லும். நேசறியில புள்ளையள் பகிடி பண்ணினதால வெளியில வாயே திறக்குதில்ல. அதக் காட்டத்தானே இவ்வளவு தூரம் கொண்டு வந்த. உள்ளுக்க நான் சொன்னது அவங்களுக்கு விளங்கல்ல போல."

அம்மா என்னைப் பார்த்தார். எழுத்துத் தெரியாத என் அம்மாவுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"நீ அந்தத் தாளில என்னத்த எழுதிக் குடுத்த மகள்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நடந்ததை அந்த அக்காவிடம் சொன்னேன். இரண்டு போடு போட்டாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவரோ தலையிலடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். அழுத கண்ணீர் காயவில்லை, சிரிக்கிறார். "அப்ப என்ட புள்ளைக்குக் காது கேக்குந்தானே?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஓம் என்றேன்.

ஆனால் நான் சிரித்துவிட்டுப் போக முடியாது. துண்டில் எழுதியிருப்பதை மாற்ற வேண்டும். அவர்களைக் கூட்டிக்கொண்டு, பிள்ளையைக் காட்டிய அறைக்குத் திரும்பிப் போனேன். வாசலில் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். உள்ளே இருந்தவர் பேச்சுச் சிகிச்சை மிஸ். என்னை விட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். சிங்களப் பெண், தமிழைப் புத்தகத்தில் படித்துக் கதைக்கிறவர். வாய் திறக்காத பிள்ளை, கையில் 'இல்லை' என்று எழுதிய படிவம். முதலில் காதைச் சோதிப்போம் என்று அவர் நினைத்ததில் ஒரு பிழையுமில்லை. பிழை என்னுடையது. அதை வாசலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கவே சொன்னேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, "அப்போ 'பேசு' என்றால் திட்டுவதா?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ். எங்கட ஆக்கள் கதைக்கிறது, பறையிறது எண்டுதான் சொல்லுவாங்க."

"கதைக்கிறது!" என்று அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "சிங்களத்தில் இதைக் 'கதா கரனவா' என்போம். எவ்வளவு கிட்ட இருக்கிறது! நான் இங்கே வந்த நாள் முதல் எல்லா அம்மாவிடமும், 'பிள்ளை பேசுமா, பேசுமா' என்றுதான் கேட்கிறேன். அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்?"

இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, மிச்சம் இருக்கிறவர்கள் முடியும்வரை கூட இருக்க முடியுமா என்று கேட்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். "இரி. குழப்பினவள்தானே, இருந்து சரிபண்ணிப்போட்டு வா" என்று சொல்லிவிட்டு, அந்த அக்காவுக்குத் தேத்தண்ணி வாங்க அம்மா புறப்பட்டார்.

அன்று மத்தியானம் வரை அந்த அறையில் இருந்தேன். மஞ்சள் கவுண் பிள்ளையிடம் மிஸ் ஒரு மிடறு தண்ணீரைக் கொடுத்து, தலையை நிமிர்த்தித் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னார். அந்தச் சத்தம் பிறக்கிற இடத்துக்குக் கிட்டத்தான் 'க' பிறக்கிறதாம். நான் பரீட்சைக்காக எத்தனையோ தடவை வரைந்து பெயர் குறித்த தொண்டை, என் முன்னால் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, தண்ணீர் இல்லாமலே 'க்' என்று ஒரு சத்தம் வந்தது. பிள்ளை தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டது. அவளுடைய தாய் கையெடுத்துக் கும்பிட்டதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்ததாக வந்தவர் ஏறாவூர் முஸ்லிம் பெண். அங்கே அக்காவைத் தாத்தா என்பார்கள். "புள்ள கதைக்கிறது எப்பிடி தாத்தா, ஊட்டுல வாப்பாவோட நல்லாக் கதைக்குமா?" என்று அவருடைய பாணியிலேயே கேட்டேன். அவர் என்னைத் தன் ஊர்ப் பிள்ளை என்று நினைத்து, எந்தத் தெரு என்று விசாரித்தார். பகிடிக்காகப் பழகிய பழக்கம் ஒரு அலுவலுக்கு உதவுவதை அன்றுதான் முதன்முதலில் கண்டேன்.

எல்லோரும் போன பிறகு, இதற்கு எங்கே படித்தீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். கொழும்புப் பக்கம், நாலு வருடம் என்றார். பையிலிருந்த பட்டியலை எடுத்து விரித்தேன். பேச்சுச் சிகிச்சைப் படிப்பு பதினோராவதாக இருந்தது. நானா அடுக்கிய ஒழுங்கில் அப்படியே. அந்தப் பெயரை நான் ஒழுங்காக வாசித்துக்கூட இருக்கவில்லை.

கூச்சத்தை விட்டு, "படிச்சு முடிச்சா வேலை உடனே கிடைக்குமா மிஸ்?" என்றேன்.

அவர் பூசி மெழுகவில்லை. "உடனே என்று சொல்லமாட்டேன். நான் ஒன்றரை வருடம் காத்திருந்தேன். தாதி என்றால் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் தமிழில் இதைச் செய்ய ஆட்கள் குறைவு. அதை இன்று நீங்களே பார்த்தீர்கள்."

வருகிற வழி முழுக்கப் பஸ்ஸில் அதுதான் யோசனை. தாதியர் படிப்பு எனக்குப் பிடிக்காததில்லை. அதைப் போட்டால் வீட்டில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். மற்றதைப் போட்டால், அப்பாவின் முழங்காலை வைத்து நான் சூதாடுகிறேனோ என்று பயமாக இருந்தது. அன்றோடு சேர்த்து மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலையில், அப்பா கரையில் வலையைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய்ச் சொன்னேன். மாமியும் மீன் வாங்க வந்து நின்றார்.

"வாய் பறைய வைக்க ஒரு படிப்பா?" என்றார் மாமி. "எங்கட ஆக்களுக்கு வாய மூட வைக்கிற படிப்புத்தான் வேணும்."

அப்பா சிரிக்கவில்லை. "வேலை கிடைக்குமா மகள்?"

"நேர்ஸ் போல நிச்சயமில்ல அப்பா. கொஞ்சக் காலம் காத்திருக்க வேண்டி வரலாம்."

"எத்தின வருசம் படிக்கணும்?"

"நாலு."

"நேர்ஸுக்கு?"

"அதுவும் நாலு."

அப்பா வலையில் சிக்கியிருந்த ஒரு பாசிக் கொத்தைப் பிடுங்கி எறிந்தார். "அப்ப எனக்கு ரெண்டும் ஒண்டுதான். நாலு வருசம் நான் வாவிக்குப் போகத்தான் வேணும். அது முடிஞ்சு மறுகா உள்ளத நீ பாத்துக்கொள்." பிறகு, நான் திரும்பி நடக்கும்போது, "காகத்தத் தாதம் எண்டு சொன்ன புள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். நான் அவரிடம் அந்தக் கதையைச் சொல்லவே இல்லை. அம்மா சொல்லியிருக்கிறார்.

கடைசித் திகதிக்கு முந்திய நாள்வரை இழுத்தடித்ததற்குக் கொமினிகேசன் நானா என்னைப் பேசினார், எங்கள் ஊர் அர்த்தத்தில்தான். "பதினோராவதத் தூக்கி முதலாவதாப் போடவா? தங்கச்சி, நல்லா யோசிச்சியா? பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது."

"அழமாட்டன் நானா. இரண்டாவதா நேர்ஸிங்கப் போடுங்க."

அவர் தட்டினார். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்து, பெயரை முழுதாக வாசித்துப் பார்த்தேன்.

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு தெரிவு வந்தது. முதலாவதே கிடைத்தது. மாமி மீண்டும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல், அதில் இரண்டைத் தானே உரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். படித்து முடித்ததும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டி வரும் என்று எனக்கு இன்னும் தெரியாது. அந்தப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால், நான் தொட்டுத் தொட்டு விட்டவை எல்லாம் அந்த ஒரு அறைக்குள் ஒன்றாக உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதைப் பார்த்த பிறகு வேறொன்றை முதலாவதாக எழுத என் கைக்கு வரவில்லை.

ஒழுங்கையில் இப்போதும் படிவங்கள் என்னிடம் வருகின்றன. ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றும்போதுதான், எதிரில் இருப்பவரிடம் அதை இன்னொரு தடவை கேட்டுவிட்டு எழுதுகிறேன். நாளைக்கு என் முன்னால் ஒரு சிங்களத் தாய் பிள்ளையோடு வந்து உட்காரலாம். பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. காத்தான்குடியில் ஒரு ஆசிரியையிடம் சிங்களம் படிக்கச் சேர்ந்து, நாலு வகுப்பு முடித்துவிட்டேன்.